மாலகாவின் தங்கப் பீங்கானும் வலோரிஸின் களிமண்ணும்: பிக்காசோவின் படைப்புகளுக்குப் பின்னால் இருந்தவர்கள்



கொஞ்சம் நீண்ட பதிவு. இரவு வேலைகள் முடிந்து ஆறுதலாக இருக்கும்போது வாசியுங்கள்.

தரம் 10 க்குப் போகும் பிள்ளைகள் தொகுதிப் பாடங்களைத் தெரிவு செய்யும் நேரம் இது. ஒரு தாய் படிவத்துடன் எம்மிடம் வந்தார். "மகள் சித்திரம்தான் எடுப்பேன் என்டு நிக்கிறா சேர். அதப் படிச்சி என்ன செய்யிற? சாயமும் களிமண்ணும் சோறு போடுமா?" என்று கேட்டார். அந்த இடத்தில் நாம் அவருக்குச் சரியான பதில் சொல்லவில்லை. படிவத்தை இரண்டு நாள் வைத்திருங்கள், யோசித்துச் சொல்கிறோம் என்று அனுப்பிவிட்டோம்.

யோசித்தபோது ஓர் ஓவியரின் கதை நினைவுக்கு வந்தது. பாப்லோ பிக்காசோ. பெயரைக் கேள்விப்படாதவர்கள் குறைவு. கண்ணும் மூக்கும் இடம் மாறிய முகங்களை வரைந்தவர் என்று சிரித்துவிட்டுப் போவதுதான் வழக்கம். ஆனால் அவர் வரைந்த முகங்கள், ஊர்க்காட்சிகள், செய்த மட்பாண்டங்கள் ஆகிய மூன்றுக்கும் பின்னால் யார் யார் இருந்தார்கள் என்பதை நமது பிள்ளைகளுக்கு நாம் சொல்லிக்கொடுத்ததில்லை. அந்தக் கதையை நமது புத்தளத்திலிருந்தே தொடங்கலாம்.

உருவம் வரைவது பற்றிய மார்க்கத் தீர்ப்பை நாம் இங்கே பேசவில்லை. அது உலமாக்களின் பொறுப்பு. நாம் பேசுவது வரலாறு.

இப்னு பதூதா கண்ட இரண்டு துறைமுகங்கள்

1344 இல் இப்னு பதூதா மாலைதீவிலிருந்து வந்து புத்தளத்தில் இறங்கினார். ஆரியச் சக்கரவர்த்தியைச் சந்தித்தார். பாவாதமலைக்கு ஏறினார். கொழும்பையும் பார்த்தார். இவ்வளவும் நமக்குத் தெரிந்ததுதான்.

ஏறத்தாழ ஆறு வருடங்களுக்குப் பின்னர், சொந்த நாடான மொரோக்கோவுக்குத் திரும்பிய அவர், கடலைக் கடந்து அந்தலூஸுக்குப் போனார். அங்கே மாலகா என்ற துறைமுக நகரத்தைப் பற்றித் தமது பயண நூலில் எழுதினார். அந்த ஊரின் அத்திப்பழத்தையும் வாதுமையையும் புகழ்ந்துவிட்டு, பொன்னிறத்தில் மினுங்கும் அருமையான மட்பாண்டங்கள் அங்கே செய்யப்படுவதையும் அவை தொலைதூர நாடுகளுக்குக் கப்பலேறுவதையும் குறிப்பிட்டார்.

அந்தப் பாண்டத்தில் தங்கம் ஒரு துளியும் இல்லை. அதன் தொடக்கம் 9 ஆம் நூற்றாண்டு ஈராக்கில், பஸ்ராப் பக்கத்தில். சீனாவிலிருந்து கடல்வழியாக வெள்ளைப் பாண்டங்கள் வந்து இறங்கின. அப்படியொரு வெள்ளை மண் ஈராக்கியக் குயவர்களிடம் இருக்கவில்லை. அவர்கள் தமது சாதாரண மண்பாண்டத்தின் மேல் ஈயவெள்ளியம் கலந்த மெருகைப் பூசி வெண்மையை உண்டாக்கினார்கள். அதன் மேல் வெள்ளியும் செம்பும் கலந்த கலவையால் கோலமிட்டு, காற்றைக் குறைத்துப் புகையால் நிரப்பிய சூளையில் மீண்டும் சுட்டார்கள். வெளியே எடுத்துத் துடைத்தால் பொன்னைப் போல மினுங்கியது. இந்த வித்தை ஈராக்கிலிருந்து எகிப்துக்கும் பிறகு அந்தலூஸுக்கும் போனது.

அந்தக் கடற்பாதையில்தான் நமது நாடும் இருந்தது. மன்னார்ப் பக்கத்து மாந்தைத் துறைமுகத்தை அகழ்ந்தபோது சீனப் பாண்டத் துண்டுகளும் மேற்காசிய மெருகுப் பாண்டத் துண்டுகளும் ஒரே மண்ணில் கிடைத்தன.

1487 ஆகஸ்ட்டில், மாதக்கணக்கான முற்றுகைக்குப் பின்னர், மாலகா கிறிஸ்தவ மன்னர்களிடம் வீழ்ந்தது. நகரத்து முஸ்லிம்களில் பெரும்பாலோர் அடிமைகளாக்கப்பட்டார்கள். அதற்கு முன்னரே அந்தப் பொன்மெருகு வித்தை வலென்சியாவுக்குப் பக்கத்திலுள்ள மனிசெஸ் என்ற ஊருக்குப் போயிருந்தது. கிறிஸ்தவ ஆட்சியின் கீழ் வாழ்ந்த முஸ்லிம் குயவர்கள் அங்கே நமது சஹன் அளவுக்குப் பெரிய தட்டுகளைச் செய்தார்கள். இன்று உலகத்தின் பெரிய நூதனசாலைகளில் அந்தத் தட்டுகள் இருக்கின்றன. 1609 இல் அவர்களுடைய சந்ததியினரையும் ஸ்பெயின் அரசு வலென்சியாவிலிருந்து வெளியேற்றத் தொடங்கியது.

தட்டுகளைச் செய்தவர்களில் பெரும்பாலோரின் பெயர் ஒருவருக்கும் தெரியாது. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே வாசியுங்கள்.

சித்திர ஆசிரியரின் மகன்

அதே மாலகாவில், பழைய முஸ்லிம் கோட்டையான அல்கஸபாவிலிருந்து நடந்து போகும் தூரத்தில், 1881 ஒக்டோபர் 25 அன்று பிக்காசோ பிறந்தார். அவருடைய தந்தை ஹோசே ருயிஸ் ஒரு சித்திர ஆசிரியர். பெரிய பெயர் பெற்ற ஓவியர் அல்லர். புறாக்களை வரைவதில் அவருக்கு விருப்பம் அதிகம். வீட்டில் புறாக்களும் இருந்தன, புறாப் படங்களும் இருந்தன. மகன் முதலில் கற்றது அவரிடம்தான்.

பிள்ளைக்குப் பத்து வயதானபோது தந்தையின் வேலை காரணமாகக் குடும்பம் வடக்கே லா கொருன்யாவுக்கு மாறியது. அங்கே 1895 ஜனவரியில் தங்கை கொன்சிதா தொண்டை அடைப்பான் நோயால் இறந்துபோனாள். அவளுக்கு ஏழு வயது. அண்ணனுக்குப் பதின்மூன்று.

இரண்டு வருடங்களுக்குப் பின்னர், பார்சலோனாவில், பதினைந்து வயதுப் பையன் ஒரு பெரிய படத்தை வரைந்தான். கட்டிலில் ஒரு நோயாளிப் பெண் கிடக்கிறாள். ஒரு பக்கத்தில் வைத்தியர் அவளுடைய நாடியைப் பிடித்துப் பார்க்கிறார். மறுபக்கத்தில் ஒரு கன்னியாஸ்திரி கையில் குழந்தையுடன் நிற்கிறார். 'விஞ்ஞானமும் தர்மமும்' என்பது படத்தின் பெயர். அந்த வைத்தியராக இருப்பவர் வாப்பாதான். நோயால் ஒரு பிள்ளையைப் பறிகொடுத்த தந்தையை நோயாளியின் பக்கத்தில் வைத்தியராக இருத்தி மகன் வரைந்திருக்கிறான். என்ன நினைத்து அப்படிச் செய்தான் என்பது அவனுக்கே தெரியும். படத்தைப் பார்க்கும் எவருக்கும் அந்த வீட்டின் கதை தெரிந்தால் மனம் கனக்கும்.

முகங்களும் அவற்றுக்கு உரியவர்களும்

பிக்காசோவின் உருவப்படங்களில் பெரிதும் பேசப்படுவது கேர்ட்ரூட் ஸ்டைன் என்ற அமெரிக்கப் பெண் எழுத்தாளருடையது. பாரிஸில் அவரும் அவருடைய சகோதரரும் இளம் பிக்காசோவின் படங்களை வாங்கி ஆதரித்தவர்கள். 1905 இல் தொடங்கி, எண்பது தொண்ணூறு தடவைகள் பிக்காசோவின் முன்னால் வந்து அமர்ந்ததாக ஸ்டைன் பின்னாளில் எழுதினார். ஒரு நாள் பிக்காசோ வரைந்திருந்த முகத்தை முழுவதுமாக அழித்துவிட்டார். பார்க்கப் பார்க்கத் தெரியவில்லை என்ற சலிப்பு.

1906 கோடையில் ஸ்பெயினின் மலைக்கிராமமான கோசோலுக்குப் போய்த் தங்கினார். திரும்பி வந்ததும், ஸ்டைன் எதிரில் இல்லாமலே, முகமூடி போன்ற இறுகிய ஒரு முகத்தை அந்த இடத்தில் வரைந்து முடித்தார். பழங்கால ஐபீரியச் சிற்பங்களைப் பார்த்த பாதிப்பு அதில் தெரிகிறது. ஆள் இப்படி இல்லையே என்று கண்டவர்கள் சொன்னார்கள். போகப் போக அப்படியாகிவிடுவார் என்று பிக்காசோ சொன்னதாகக் கதை. ஸ்டைன் அந்தப் படத்தைச் சாகும்வரை தம்மிடமே வைத்திருந்தார். இன்று அது நியூயோர்க்கின் மெட்ரோபொலிட்டன் நூதனசாலையில் இருக்கிறது.

இரண்டாவது முகம் டோரா மாருடையது. 1937 ஏப்ரல் 26 அன்று ஸ்பெயினின் குவெர்னிக்கா என்ற சிற்றூரின் மீது, பிராங்கோவுக்கு ஆதரவாக ஜெர்மன், இத்தாலிய விமானங்கள் குண்டு வீசின. அந்தக் கொடுமையை பிக்காசோ சுவரளவு பெரிய படமாக வரைந்தார். அது வளர்ந்து வந்த ஒவ்வொரு கட்டத்தையும் படம் பிடித்தவர் டோரா மார். அவர் அதற்கு முன்னரே பெயர் பெற்ற புகைப்படக் கலைஞர். அதே வருடம் ஒக்டோபரில், அவரை மாதிரியாக வைத்து 'அழும் பெண்' என்ற படத்தை பிக்காசோ வரைந்தார். கைக்குட்டையைப் பற்களால் கடித்துக்கொண்டு அழும் முகம். கண்ணாடி உடைந்ததைப் போல முகம் துண்டு துண்டாக இருக்கிறது. காஸாவின் தாய்மாரை ஒவ்வொரு நாளும் தொலைபேசித் திரையில் பார்க்கும் நமக்கு அந்த முகத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஆனால் இந்தப் படத்துக்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. தம்மை வைத்து பிக்காசோ வரைந்த எந்தப் படத்திலும் தாம் இல்லை, எல்லாவற்றிலும் பிக்காசோதான் இருக்கிறார் என்ற கருத்தை டோரா மார் பின்னாளில் சொன்னார். உலகம் அவரை நீண்ட காலம் 'அழும் பெண்' என்றே அறிந்திருந்தது. அவர் எடுத்த புகைப்படங்களுக்கும் வரைந்த ஓவியங்களுக்குமாகப் பாரிஸின் பொம்பிடு நிலையம் பெரிய கண்காட்சி வைத்தது 2019 இல். அவர் 1997 இலேயே இறந்துவிட்டார்.

மூன்றாவது முகம் பிரான்சுவாஸ் ஜிலோ. இவரும் ஓவியர். 1946 இல் பிக்காசோ இவரை ஒரு பூச்செடியாக வரைந்தார். உடல் தண்டு, தலைமுடி பச்சை இலைகள், முகம் பூ. பார்க்க அழகான படம். ஆனால் செடிக்கு நடக்கக் கால் இல்லை. ஜிலோ நடந்தார். 1953 இல் இரண்டு பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு பிக்காசோவை விட்டுப் பிரிந்தார். 1964 இல் அந்த வாழ்க்கையைப் பற்றிப் புத்தகம் எழுதினார். பிக்காசோ அதைத் தடை செய்ய நீதிமன்றம் போய்த் தோற்றார். பின்னாளில் ஜிலோ திருமணம் செய்தவர் போலியோத் தடுப்பூசியைக் கண்டுபிடித்த ஜோனாஸ் சால்க். தமது 101 வயதில், 2023 இல் இறக்கும்வரை ஓவியராகவே வாழ்ந்தார்.

பிக்காசோவின் குடும்ப வாழ்க்கையை முன்மாதிரியாகக் காட்ட நாம் இதை எழுதவில்லை. கூட இருந்த பெண்களுக்கு அவர் கொடுத்த துன்பங்களை அந்தப் பெண்களே பதிவு செய்திருக்கிறார்கள். ஒரு படத்தைப் பார்க்கும்போது வரைந்தவரின் பெயரோடு நின்றுவிடாமல், அதற்குள் இருப்பவர் யார், அவருக்கு என்ன நடந்தது என்றும் கேட்கப் பழக வேண்டும் என்பதற்காகவே சொல்கிறோம்.

ஊர்க்காட்சிகள்

முகங்கள் அளவுக்கு அவர் ஊர்க்காட்சிகளை வரையவில்லை. ஆனால் வரைந்த சிலவற்றில் பெரிய கதை இருக்கிறது.

1898 இல் பதினாறு வயதுப் பிக்காசோ மட்ரிட்டில் படித்துக்கொண்டிருந்தபோது கடும் காய்ச்சலில் விழுந்தார். மனுவெல் பயரேஸ் என்ற நண்பர் அவரைத் தமது ஊருக்கு அழைத்துப் போனார். ஓர்தா என்ற மலைக்கிராமம். அங்கே பல மாதங்கள் தங்கினார். மலைக்குகையில் படுத்தார், விறகு சுமந்தார், கழுதைக்கு வேலை பார்த்தார், கட்டலான் மொழியைப் பழகினார். தமக்குத் தெரிந்த எல்லாம் பயரேஸின் ஊரில் கற்றவை என்று வாழ்நாள் முழுவதும் சொல்லி வந்தார்.

1909 கோடையில் அதே ஊருக்கு மீண்டும் போனார். இம்முறை ஊரைப் புகைப்படமும் எடுத்தார், ஓவியமாகவும் வரைந்தார். மலைச்சரிவில் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிய மண்நிற வீடுகள். அவற்றைப் பெட்டிகளாக, கனசதுரங்களாக, ஒரே நேரத்தில் பல பக்கங்களிலிருந்து பார்ப்பதைப் போல வரைந்தார். 'ஓர்தாவின் நீர்த்தொட்டி' என்ற படம் அவற்றில் ஒன்று. கியூபிசம் என்று நமது சித்திரப் பாடத்தில் பிள்ளைகள் மனனம் செய்யும் அந்தச் சொல்லின் தொடக்க காலப் படங்கள் இவை. நோயாளி நண்பனைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போன ஒரு கிராமத்துப் பையனும் இந்த வரலாற்றில் பங்காளி.

இன்னொரு ஊர்க்காட்சி 1951 ஜனவரியில் வரைந்தது. பெயர் 'வலோரிஸின் புகை'. பிரான்சின் தென்கரைக்குப் பக்கத்தில் உள்ள வலோரிஸ் என்ற சிற்றூரின் வீடுகளுக்கும் மரங்களுக்கும் மேலாகக் கரும்புகை எழுகிறது. அது குண்டுப் புகை அல்ல, குயவர்களின் விறகுச் சூளையில் எழுந்த புகை. போரை வரைந்த கை, ஓர் ஊரின் தொழில் உயிரோடு இருப்பதற்கான அடையாளத்தை வரைந்திருக்கிறது. அந்தப் புகை வந்த கதைக்குத்தான் இனி வருகிறோம்.

அறுபத்தைந்து வயதில் ஒரு மாணவர்

வலோரிஸின் செம்மண் நெருப்பைத் தாங்கும். அதனால் தலைமுறை தலைமுறையாக அந்த ஊர் சமையல் சட்டி பானைகளுக்குப் பெயர் பெற்றது. பிறகு உலோகப் பாத்திரங்கள் வந்தன. மண்சட்டிக்குக் கேள்வி குறைந்தது. சூளைகள் ஒவ்வொன்றாக அணைந்தன. அலுமினியச் சட்டி வந்த பிறகு நமது ஊர்களில் என்ன நடந்தது என்று பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல.

அந்த ஊரில் சுசான் ரமியே என்ற பெண்ணும் அவருடைய கணவர் ஜோர்ஜும் 1938 இல் மதூரா என்ற மட்பாண்டப் பட்டறையைத் தொடங்கினார்கள். சுசான் அந்த ஊரின் பழைய பாத்திர வடிவங்களைக் கற்று, அவற்றிலிருந்து புதிய வடிவங்களை உண்டாக்கியவர்.

1946 கோடையில் வலோரிஸில் நடந்த மட்பாண்டக் கண்காட்சியைப் பார்க்க பிக்காசோ வந்தார். மதூரா பட்டறைக்குள் போய், கொஞ்சம் களிமண் கேட்டு வாங்கி, சில சிறிய உருவங்களைப் பிடித்துவிட்டுப் போனார். அடுத்த வருடம் வந்தபோது அவை பத்திரமாகச் சுடப்பட்டுக் காத்திருந்தன. இம்முறை அவர் கை நிறையக் குறிப்புப் படங்களோடு வந்திருந்தார். பட்டறையில் அவருக்கு ஒரு மூலை ஒதுக்கிக் கொடுத்தார்கள்.

அப்போது அவருக்கு அறுபத்தைந்து வயது. உலகத்தில் அவரைவிடப் பிரபலமான ஓவியர் இல்லை. ஆனால் சூளை பெயரைப் பார்ப்பதில்லை. மட்பாண்டத்தில் தீட்டும்போது தெரியும் நிறம் வேறு, சுட்ட பின்னர் வரும் நிறம் வேறு. கரும்சாம்பலாகப் பூசும் கோபால்ட் நெருப்பிலிருந்து நீலமாக வெளியே வரும். செம்புக் கலவை பச்சையாகும். தடிப்பாகப் பூசினால் வழியும். ஈரம் காயாமல் சூளைக்குள் வைத்தால் வெடிக்கும். இவை ஒவ்வொன்றையும் அவர் பட்டறைத் தொழிலாளர்களிடம் கேட்டுக் கேட்டுக் கற்றார்.

சக்கரத்தில் பாண்டம் வனைவது அவருடைய வேலையாக இருக்கவில்லை. அதைச் செய்தவர் ஜூல் அகார் என்ற கைதேர்ந்த குயவர். அவர் வனைந்த போத்தல் வடிவப் பாத்திரம் ஈரமாக இருக்கும்போதே பிக்காசோ அதைக் கையில் எடுத்து, கழுத்தை மடித்து, வயிற்றை அமுக்கி, ஒரு புறாவாக்கிவிடுவார். சுசான் வடிவமைத்த கூசாக்களின் மேல் முகங்களை வரைந்தார். உடைந்த சமையல் சட்டித் துண்டுகளையும், சூளைக்குள் பாண்டங்களை அடுக்க உதவும் ஓடுகளையும் வீசவிடாமல் எடுத்து, அவற்றிலும் வரைந்தார். பெரிய தட்டுகளில் மாடுகளையும் மீன்களையும் சூரியனைப் போன்ற முகங்களையும் தீட்டினார். சில தட்டுகளில் மீனும் கத்தியும் உண்மையாகவே வைத்ததைப் போல மண்ணில் எழும்பி நிற்கும்.

வெண்மெருகின் மேல் நீலமும் பச்சையும் ஓடும் அந்தத் தட்டுகளைப் பார்க்கும்போது மனிசெஸின் பழைய சஹன்கள் நினைவுக்கு வருகின்றன. அந்தலூஸ் குயவர்களிடமிருந்து பிக்காசோவுக்கு நேரே பரம்பரை வந்தது என்று நாம் சொல்லவில்லை. ஆனால் வெண்மெருகுப் பாண்டத்தில் தீட்டும் வழக்கத்தை ஸ்பெயினின் மண்ணில் வேரூன்றச் செய்தவர்கள் அவர்களே. ஐந்நூறு, அறுநூறு வருடங்களுக்குப் பின்னர் மாலகாவில் பிறந்த ஒருவர் வயது போன காலத்தில் மண்ணிடம் வந்தார் என்பதும் உண்மை.

1948 இல் அவர் வலோரிஸிலேயே குடியேறினார். மொத்தமாக மூவாயிரத்துக்கும் மேற்பட்ட மட்பாண்டங்களைச் செய்தார். அவற்றில் 633 வடிவங்களை மதூரா பட்டறை 1947 முதல் 1971 வரை பிரதிகளாகச் செய்து விற்றது. ஒரு வடிவத்துக்கு 25 முதல் 500 வரை. சிலவற்றைத் தொழிலாளர்கள் மூலத்தைப் பார்த்துக் கையால் தீட்டினார்கள். சிலவற்றை அச்சில் களிமண்ணை அமுக்கி எடுத்தார்கள். பெரிய படம் வாங்க வசதி இல்லாதவர்களின் வீட்டுக்கும் தமது வேலை போக வேண்டும் என்பது அவருடைய விருப்பமாக இருந்தது. இன்று அதே தட்டுகளை ஏலத்தில் வாங்கப் பெரும் பணம் வேண்டும் என்பது வேறு கதை.

ஊருக்கு என்ன கிடைத்தது? பிக்காசோ இருக்கும் ஊர் என்று ஆட்கள் வரத் தொடங்கினார்கள். ஷகால் போன்ற வேறு ஓவியர்களும் மதூராவுக்கு வந்து மண் பிடித்தார்கள். ஊரின் வருடாந்தக் கண்காட்சிக்கு பிக்காசோவே சுவரொட்டி செய்து கொடுத்தார். ஆட்டைச் சுமந்து நிற்கும் மனிதனின் வெண்கலச் சிலை ஒன்றை ஊருக்கு அன்பளிப்பாகக் கொடுத்தார். 1950 இல் அது சந்தைச் சதுக்கத்தில் வைக்கப்பட்டது. அதே வருடம் ஊர் அவரைக் கௌரவப் பிரஜையாக்கியது. அணைந்துகொண்டிருந்த சூளைகளில் மீண்டும் விறகு ஏறியது. 'வலோரிஸின் புகை' படத்தின் பின்னணி இதுதான்.

புறாக்களையும் சொல்ல வேண்டும். 1949 இல் அவருடைய ஒரு புறாப் படம் பாரிஸில் நடந்த சமாதான மாநாட்டின் சுவரொட்டியானது. அந்த மாநாட்டு நாட்களில் மகள் பிறந்தாள். ஸ்பானிய மொழியில் புறா என்று பொருள்படும் பலோமா என்பதே அவளுக்கு வைத்த பெயர். மாலகாவில் ஒரு சித்திர ஆசிரியர் வரைந்துகொண்டிருந்த புறாக்கள் இப்படியாக மகனின் கையில் மண்ணாகவும் உலகச் சமாதானத்தின் சின்னமாகவும் ஆயின. அந்த ஆசிரியரின் பெயரை இன்று எத்தனை பேர் அறிவார்கள்?

சலூன்காரரின் நூதனசாலை

கடைசியாக ஒரு மனிதர். எயுஹெனியோ அரியாஸ். மட்ரிட்டுக்கு வடக்கே புயித்ராகோ என்ற ஊரில் பிறந்தவர். உள்நாட்டுப் போரில் பிராங்கோவுக்கு எதிராக நின்று, தோற்று, பிரான்சுக்கு அகதியாக வந்தவர். வலோரிஸில் சலூன் வைத்திருந்தார். பிக்காசோவும் 1934 க்குப் பின்னர் ஸ்பெயினுக்குத் திரும்பவே இல்லை. ஊருக்குப் போக முடியாத இரண்டு ஸ்பானியர்கள் ஒருவருக்கொருவர் ஊரானார்கள்.

இருபத்தைந்து வருடங்களுக்கு மேலாக அரியாஸ் அவருக்கு முடி வெட்டினார். பணம் வாங்கவில்லை. பிக்காசோ தட்டுகளையும் படங்களையும் கொடுத்தார். சவரக் கருவிகளை வைக்கும் மரப்பெட்டியில் சூட்டுக்கோலால் படம் போட்டுக் கொடுத்தார். அரியாஸின் முகத்தையும் வரைந்தார். 1973 ஏப்ரல் 8 அன்று பிக்காசோ இறந்தார். அரியாஸ் அந்தப் பொருட்களை விற்றிருந்தால் பெரும் பணக்காரராகியிருப்பார். அவர் எல்லாவற்றையும் தமது பிறந்த ஊருக்குக் கொடுத்தார். 1985 இல் புயித்ராகோவில் அவை ஒரு சிறிய நூதனசாலையாயின. இன்றும் இருக்கிறது.

பிக்காசோவைப் பற்றிய கதைகளில் நமக்கு அதிகம் பிடித்தது இது. இதில் பெரிய மனிதர் சலூன்காரர்தான்.

அந்தத் தாய்க்கு நமது பதில்

சாயமும் களிமண்ணும் சோறு போடுமா? எல்லோருக்கும் போடும் என்று பொய் சொல்ல மாட்டோம். வலோரிஸிலும் ஒரு காலத்தில் போடவில்லை. மாலகாவின் குயவர்களை அவர்களுடைய திறமை அடிமைத்தனத்திலிருந்து காப்பாற்றவும் இல்லை.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். நகரம் வீழ்ந்தது, மன்னர்கள் மாறினார்கள், மக்கள் விரட்டப்பட்டார்கள். அந்தக் கைவேலை மட்டும் பஸ்ராவிலிருந்து மாலகாவுக்கும் மாலகாவிலிருந்து மனிசெஸுக்கும் போய்க்கொண்டே இருந்தது. ஒவ்வொரு இடத்திலும் கற்றுக்கொடுக்க ஒருவரும், பக்கத்தில் உட்கார்ந்து கற்க இன்னொருவரும் இருந்தார்கள். அந்தச் சங்கிலியில் ஒரு தலைமுறை எழுந்து போய்விட்டால் அதோடு முடிந்தது. அறுபத்தைந்து வயதில், உலகப் புகழோடு, ஒரு கிராமத்துப் பட்டறையில் மாணவராக உட்கார பிக்காசோ வெட்கப்படவில்லை. பதினைந்து வயதுப் பிள்ளை உட்கார விரும்பும்போது நாம் ஏன் தடுக்க வேண்டும்?

நமது பக்கத்தைப் பார்ப்போம். மருதமுனையின் கைத்தறியைப் பற்றிப் பெருமையாகப் பேசுகிறோம். தறியில் உட்காரத் தெரிந்த பிள்ளைகள் நமது வகுப்பில் எத்தனை பேர்? பன்பாய் இழைத்த உம்மம்மாமாரின் கைகளில் இருந்த கோலங்களை யாராவது எழுதி வைத்தோமா? சஹனையும் கூசாவையும் செய்தவர்களின் பெயரை மறந்தோம். இருப்பவர்களின் பெயரையாவது கேட்டு வைப்போம்.

வீட்டில் ஒரு பழைய பீங்கானோ, பாயோ, கைத்தறிச் சாரமோ இருந்தால் பிள்ளைகளிடம் எடுத்துக் காட்டுங்கள். அதைச் செய்தவர் யார், அவருக்குக் கற்றுக்கொடுத்தவர் யார் என்று தெரிந்ததைச் சொல்லுங்கள். பின்னூட்டத்தில் எழுதினால் நாம் சேர்த்து வைப்போம்.

அந்தத் தாய் நேற்று மீண்டும் வந்தார். இந்தக் கதையைச் சுருக்கமாகச் சொன்னோம். முழுவதும் கேட்டுவிட்டு, "அந்த சலூன்காரர் நல்ல மனுசன் சேர்" என்றார். பிறகு படிவத்தை மேசையில் வைத்து, சித்திரம் என்ற சொல்லுக்கு எதிரே அடையாளமிட்டு, கையெழுத்தும் வைத்துக் கொடுத்தார்.

அல்லாஹ் அந்தப் பிள்ளையின் கைகளில் பரக்கத் செய்வானாக. ஆமீன்.